அக்காவின் சீ.ஆர். கொப்பி: ஒரு சிறு தொழிலின் மனக்கணக்கு

பண்டாரவளையில் இருந்து கொஞ்சத் தூரத்தில், தேயிலை மலை முடிந்து மரக்கறித் தோட்டம் தொடங்குகிற சரிவில், காய்ந்த மரக்கறி பாக்கெட் போடும் ஒரு சின்னத் தொழில் ஓடிக்கொண்டிருக்கிறது. தொடங்கியவர் என் அக்கா. நான் பாடசாலையில் வணிகக் கல்வி படிப்பிக்கிறேன், பின்னேரங்களில் அவருக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். லாப நட்டக் கணக்கைப் பிள்ளைகளுக்குப் பல வருடம் சொல்லிக் கொடுத்தவன்தான். ஆனாலும் அந்தக் கணக்கு ஒரு ஆளின் தூக்கத்தை என்ன செய்யும் என்பதை இந்த ஆறு வருடத்தில்தான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். இதை எழுத அக்காவிடம் சம்மதம் கேட்டபோது அவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: "நல்லா ஓடுனத மட்டும் எழுதாத தம்பி. நான் அழுததையும் எழுது."

தொடக்கம்

அக்கா உயர்தரம் எழுதிவிட்டுக் கொழும்பில் ஒரு கடையில் எட்டு வருடம் காசாளராக இருந்தார். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பலர் போகிற வழி அது. 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு அந்தக் கடையில் ஆட்குறைப்பு வந்தது. அக்கா ஒரு பெட்டியோடு லயத்துக்கு, தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளுக்கு, திரும்பி வந்தார்.

கெப்பட்டிபொல பொருளாதார மத்திய நிலையம் என்கிற மொத்த மரக்கறிச் சந்தையில் விலை விழுகிற நாட்களில், லீக்ஸை ஏற்றிப்போன லொறிக் கூலிக்குக்கூட விற்ற காசு கட்டாது. தெரிந்த ஒரு சிங்களக் கமக்காரர் அப்படி ஒருநாள் இரண்டு மூட்டை லீக்ஸை எங்கள் வாசலில் இறக்கி, "நங்கி (தங்கச்சி), மாட்டுக்காவது போடு" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று ராத்திரி அக்கா யூடியூப் பார்த்து லீக்ஸ் காயவைத்தார். தொழில் அப்படித்தான் ஆரம்பமானது.

வேலையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், பின்னால் வருகிற சங்கடங்கள் அப்போதுதான் விளங்கும். கரட், லீக்ஸ், கோவா, போஞ்சி எல்லாவற்றையும் ஒரே அளவாக வெட்ட வேண்டும். கொதிக்கிற தண்ணீரில் இரண்டு மூன்று நிமிடம் போட்டு எடுத்து, உடனே பச்சைத் தண்ணீரில் அமுக்க வேண்டும். இதைச் செய்யாவிட்டால் கரட் நாளாக ஆக வெளிறி வைக்கோல் வாசம் அடிக்கும். பிறகு தட்டில் ஒன்றின்மேல் ஒன்று படாமல் பரப்பி, 55 முதல் 60 பாகைச் சூட்டில் ஒரு பகலோ ஒரு இரவோ விட வேண்டும். காய்ந்த துண்டை விரலால் முறித்தால் 'டக்' என்று உடைய வேண்டும். வளைந்தால் உள்ளே ஈரம் மிச்சம் இருக்கிறது, கொஞ்ச நாளில் பூஞ்சணம் பிடித்துவிடும். பத்துப் பன்னிரண்டு கிலோ பச்சை மரக்கறி காய்ந்தால் கையில் மிஞ்சுவது ஒரு கிலோ.

சீட்டுக் காசில் ஆறு தட்டு உள்ள ஒரு மின்சார உலர்த்தி வாங்கினார். பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிந்தார். 2020 மார்ச் 20 அன்று நாடு முழுக்க ஊரடங்கு போட்டபோது கையில் 60 பாக்கெட் இருந்தது. ஊரடங்கு தளர்ந்ததும் கொழும்பில் மாடிக் குடியிருப்புகளில் இருந்தவர்கள் வாட்ஸ்அப்பில் கேட்கத் தொடங்கினார்கள். சூப்புக்குப் போடலாம், நூடுல்ஸில் போடலாம், கெட்டுப்போகாது. அந்த வருடம் முழுக்க அக்கா பாட்டுப் பாடிக்கொண்டே வேலை செய்தார். இரண்டு பெண்கள் வேலைக்கு வந்தார்கள். நல்ல காலம்தான், அதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை.

பெரிய ஓடர்

2021 தொடக்கத்தில் ஒரு அங்காடித் தொடர் மாதம் 2,000 பாக்கெட் கேட்டது. அக்கா ஃபோனை வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து அழுதார், சந்தோஷத்தில். அம்மா சாமிக்கு விளக்கு வைத்தார். நான் டவுனில் கேக் வாங்கி வந்தேன். அரைமணி நேரத்தில் செய்தி பீலிக்கரைக்குப் போய்விட்டது. தண்ணீர் பிடிக்க வந்த எல்லோரும் அக்காவுக்குக் கொழும்புக் கடையில் பெரிய ஓடர் கிடைத்ததாகப் பேசிக்கொண்டார்கள். மறுநாள் காலை நான்கு பெண்கள் வாசலில் நின்றார்கள். தங்களுக்கும் வேலை இருக்கிறதா என்று கேட்டார்கள். அக்கா நான்கு பேரையும் எடுத்தார்.

லயத்தில் ஒரு வீட்டுச் சந்தோஷம் அந்த வீட்டோடு நிற்காது. அது நம்முடைய பலம் என்று இன்றைக்கும் நம்புகிறேன். ஆனால் அன்று அக்கா சந்தோஷத்தில் கொடுத்த வாக்கெல்லாம் மறுநாளே கடனாக மாறிவிட்டது. தோட்டத்து நாட்சம்பளம் 1,000 ரூபாயான நேரம் அது, அக்கா 1,200 தருவதாகச் சொன்னார். ஈபிஎஃப், ஈடிஎஃப் என்கிற ஊழியர் சேமலாப, நம்பிக்கை நிதிகளுக்குக் கட்டுவதாகவும் சொன்னார். தோட்டத்து வேலையாட்கள் பட்டியலில் பேர் வைத்திருந்த இரண்டு பெண்கள் அதை விட்டுவிட்டு வந்தார்கள். பேர் போனால் லயத்தில் இருக்கிற காம்பராவும் (அறையும்) போய்விடுமோ என்ற பயத்தோடுதான் வந்தார்கள்.

இப்போது கணக்கைப் பாருங்கள். 50 கிராம் பாக்கெட் ஒன்றுக்கு 600 கிராம் பச்சை மரக்கறி வேண்டும், அது 60 ரூபாய். கரண்டும் கேஸும் 25, பையும் லேபலும் 20, கூலி 35. அடக்கம் 140 ரூபாய். கடைக்குக் கொடுக்கும் விலை 190. மாதம் 2,000 பாக்கெட்டில் ஒரு லட்சம் லாபம். வகுப்பில் கேட்டால் எந்தப் பிள்ளையும் கை தட்டும். ஆனால் காசு வருவது 60 நாள் கழித்து, நடைமுறையில் 75 நாள். அதாவது முதல் ரூபாய் கைக்கு வருமுன் இரண்டரை மாதச் செலவான 7 லட்சத்தை நாம் போட்டிருக்க வேண்டும். விற்காத பாக்கெட் திரும்பி வந்தால் அதையும் கழித்துக்கொள்வார்கள். லாபம் வருகிற தொழில் காசில்லாமல் மூச்சுத் திணறுவது இப்படித்தான். இந்தக் கணக்கை நான் அன்றே போட்டிருக்க வேண்டும். கேக் வாங்கப் போய்விட்டேன், அதற்கு இன்றும் வருந்துகிறேன்.

7 லட்சத்தில் இரண்டு லட்சம் நகை அடகில் வந்தது. ஒரு லட்சம் என்னுடையது. மீதி நான்கு லட்சத்தை அப்பா கொடுத்தார். 38 வருடம் தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியும் மருந்துப் பம்புமாக மலையில் நின்ற மனிதர். சம்பளத்தில் நூற்றுக்கு 8 அவரும் 12 தோட்டமுமாகச் சேர்ந்த ஈபிஎஃப் பணம் அது. எதற்கு, எப்போது திரும்பும் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. "என் கிட்ட இருந்து என்னா செய்யப் போவுது" என்று மட்டும் சொன்னார்.

அக்கா கணக்கை மறைக்கத் தொடங்கியது அன்றிலிருந்துதான் என்று நினைக்கிறேன். அப்பா கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பார். கேட்காததால் சொல்ல முடியவில்லை. என்னிடமும் பாதிச் சிட்டைகள்தான் வந்தன, மீதி அவருடைய தலையணைக்குக் கீழே இருந்தன.

சரிவு

2021இல் இரசாயன உர இறக்குமதியைத் தடை செய்தார்கள். நவம்பரில் தடையை எடுத்தாலும் அதற்குள் மரக்கறி விளைச்சல் விழுந்துவிட்டது. நாங்கள் சராசரி கிலோ 100 ரூபாய்க்கு வாங்கியது அந்த வருடக் கடைசியில் 250க்குப் போனது. கொழும்பில் 1,493 ரூபாயாக இருந்த 12.5 கிலோ கேஸ் சிலிண்டர் ஒக்டோபரில் 2,675 ஆகி, அடுத்த ஏப்ரல் கடைசியில் 4,860க்கு வந்தது. பாக்கெட்டின் அடக்கம் 235 ரூபாய். ஒப்பந்த விலையோ ஒரு வருடத்துக்கு 190 என்று கையெழுத்துப் போட்டது. ஒவ்வொரு பாக்கெட்டும் 45 ரூபாயை எடுத்துக்கொண்டு வெளியே போனது. கூடுதலாக வேலை செய்தால் கூடுதலாக நட்டம். அந்த ஆறு பெண்களும் ஒன்றும் தெரியாமல், "இன்னைக்கி முந்நூறு பாக்கெட் போட்டுட்டோம்" என்று சந்தோஷமாகச் சொல்வார்கள். அக்கா சிரித்துத் தலையாட்டிவிட்டுப் பின்பக்கம் போய்விடுவார்.

2022 மார்ச்சில் ரூபாயை மிதக்க விட்டார்கள். 200க்குப் பக்கத்தில் இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. பை இறக்குமதிச் சரக்கு, அதன் விலையும் ஏறியது. ஏப்ரல் 8ஆம் தேதி மத்திய வங்கி வட்டியை ஒரே அடியாக 7 சதவீதப் புள்ளி கூட்டியது.

ஆனால் அக்காவை உடைத்தது இந்தப் பெரிய எண்கள் எதுவும் இல்லை. மார்ச் கடைசி ராத்திரி ஒன்று. நாடு முழுக்க 13 மணி நேர மின்வெட்டு அறிவித்திருந்த சமயம். நேரசூசியை நம்பி 40 கிலோ கரட்டை வெட்டி, கொதிநீரில் காட்டி, தட்டுகளில் பரப்பி உலர்த்தியை ஓடவிட்டோம். முக்கால் மணி நேரத்தில் கரண்ட் போனது. ஒரு மணி நேரத்தில் வரும் என்று ஃபோன் வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தோம். கதவைத் திறந்தால் சூடு போய்விடும் என்று அக்கா யாரையும் தொடவிடவில்லை. விடியற்காலை மூன்று மணிக்கு அவரே திறந்தார். கரட் மேலே வழவழப்பாகி, இனிப்பும் புளிப்பும் கலந்த ஒரு வாசம் வந்தது. ஒரு துண்டை எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்தார். பிறகு ஒரு பேச்சும் இல்லாமல் தட்டுகளை ஒவ்வொன்றாக வெளியே கொண்டுபோய் வாழைக்கடியில் குழி வெட்டிக் கொட்டினார். அப்பா எழுந்து வந்து மண்வெட்டியை வாங்கிக்கொண்டார். அப்போதும் எதுவும் கேட்கவில்லை.

ஜூன் மாதம் நான்கு பெண்களை நிறுத்தினார். அதற்குப் பிறகு அக்கா பீலிக்கரைக்குப் போவதில்லை. தண்ணீர் நான்தான் எடுத்தேன். கோயிலுக்கும் போவதில்லை. ஃபோன் அடித்தால் உடம்பு தூக்கிப்போடும். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்து விரல்விட்டுக் கணக்குப் போடுவார். ஒருநாள், "நான் இல்லாட்டி கடன் யார் மேல வரும்?" என்று கேட்டார். வியாபாரக் கேள்வி மாதிரித்தான் கேட்டார். எனக்குக் கை கால் ஓடவில்லை. அன்று ராத்திரியே 1926க்கு எடுத்தேன், தேசிய மனநல நிறுவகத்தின் உதவி இலக்கம் அது. அந்தப் பக்கத்தில் இருந்தவர் பொறுமையாகப் பேசி, தள்ளிப்போடாமல் கிளினிக்குக்குக் கூட்டிப்போகச் சொன்னார். கண் காட்டப் போகிறோம் என்று லயத்தில் சொல்லிவிட்டு ஆஸ்பத்திரி மனநல கிளினிக்குக்குப் போனோம். பெட்ரோல் இல்லாத நாட்கள், பாதித் தூரம் நடை. இந்தத் தகவலைக் கட்டாயம் எழுதச் சொன்னது அக்காதான். தொழில் செய்கிற யாராவது அந்தக் கேள்வியை உங்களிடம் கேட்டால், கணக்குப் புத்தகத்தைத் தேடாதீர்கள். அவரைத் தனியே விடாமல் பக்கத்தில் இருந்து அந்த இலக்கத்துக்கு எடுங்கள்.

கொப்பியின் ஓரம்

டாக்டர் மருந்தும் கொடுத்தார், ஒரு வேலையும் கொடுத்தார். தினமும் படுக்குமுன் மனதுக்குப் பத்துக்கு எத்தனை என்று எழுத வேண்டும், அன்று நடந்த ஒரு விஷயத்தையும் பக்கத்தில் எழுத வேண்டும். வேறு கொப்பி எடுக்கச் சோம்பலாக இருந்ததால் அக்கா அதைக் கணக்கு எழுதும் சீ.ஆர். கொப்பியின் ஓரத்திலேயே எழுதினார். அதனால் வலது பக்கத்தில் காசு, இடது ஓரத்தில் மனசு என்று ஒரு வருடத்துக்கு மேலான பதிவு எனக்குக் கிடைத்தது.

டேனியல் கானமனும் ஆமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979இல் எழுதிய கோட்பாட்டை நான் வகுப்பில் சொல்வதுண்டு. வந்த பத்து ரூபாய் தருகிற சந்தோஷத்தைவிடப் போன பத்து ரூபாய் தருகிற வலி பெரிது, ஏறத்தாழ இரண்டு மடங்கு என்பார்கள். அதை மனதில் வைத்துத்தான் கொப்பியைப் புரட்டினேன். காசு போன நாட்களில் எண் இறங்கியிருக்கும் என்று எதிர்பார்த்தேன். இறங்கித்தான் இருந்தது, ஆனால் அதிகம் இல்லை. ஆகக் குறைந்த எண்களான ஒன்றும் இரண்டும், காத்திருந்த நாட்களில் கிடந்தன. 'செக் வருமா தெரியல.' 'மேனேஜர் ஃபோன் எடுக்கல.' 'கடிதத்துக்குப் பதில் இல்ல.' செப்டெம்பரில் அந்த அங்காடித் தொடர் ஒப்பந்தத்தை முடித்துக்கொள்வதாக எழுதியது. எங்கள் விற்பனையில் முக்கால்வாசி ஒரே நாளில் போனது. அன்றைக்கு அக்கா எழுதிய எண் 5. அதற்கு முன்னால் இரண்டு கிழமையும் 2, 2, 1, 2 என்று போயிருந்தது. பக்கத்தில் எழுதியிருந்தார்: 'தெரிஞ்சு போச்சு. தூங்கினேன்.'

இன்னொன்றும் கண்ணில் பட்டது. 8, 9 என்று எழுதிய நாட்களுக்குப் பிறகு ஒரு கிழமைக்குள் எண் பலமாக விழுந்தது. பழைய சிட்டைகளை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தேன். ஆட்களை எடுத்தது, 5,000 பை அச்சடிக்கச் சொன்னது, 190க்கு ஒரு வருடம் கையெழுத்துப் போட்டது என்று எங்களைப் பிறகு வாட்டிய முடிவுகளில் அநேகமானவை நல்ல செய்தி வந்த அன்றே எடுத்தவை. சோர்ந்த நாட்களில் அக்கா ஒரு தப்பான முடிவும் எடுக்கவில்லை, ஏனென்றால் முடிவே எடுக்கவில்லை.

கொப்பியைத் திறந்தது

அக்டோபரில் ஒரு ஞாயிறு, மிச்சம் இருந்த இரண்டு பெண்கள், நிறுத்திய நால்வர், அம்மா, அப்பா, நான் என எல்லோரும் வீட்டில் உட்கார்ந்தோம். ரொட்டியும் கட்டசம்பலும் இருந்தது. அக்கா தலையணைக்குக் கீழே இருந்த சிட்டைகளை எல்லாம் நடுவில் கொட்டினார். கை நடுங்கியது. கடன் மொத்தம் எவ்வளவு, யாருக்கு, அப்பாவின் நான்கு லட்சத்தில் என்ன மிச்சம் என்பதை நான் சத்தமாக வாசித்தேன். மிச்சம் ஒன்றும் இல்லை.

கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை. அப்புறம் எங்கள் பெரியம்மா முறையான ஒருவர், நிறுத்தப்பட்டவர்களில் மூத்தவர், சொன்னார்: "இவ்வளவுதானா? நீ மூஞ்சிய வச்சிருந்ததுக்கு, லயத்தையே அடகு வச்சிட்டியோன்னு நெனச்சேன்." அக்கா அழுதபடி சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். அப்பா சிட்டைகளில் ஒன்றை எடுத்து மடித்து மறுபடி வைத்தார். "அந்தக் காசு ஒனக்குத்தான் புள்ள. நீ சொல்லாம இருந்ததுதான் எனக்குக் கஷ்டமா இருந்திச்சு" என்றார்.

ஒரு வருடத்துக்கு மேலாக அவருக்கும் தூக்கம் இல்லை என்பது எங்கள் ஒருவருக்கும் தெரியாது. மகள் தன்னைப் பாதுகாப்பதாக நினைத்து மறைத்தாள், அப்பா மகளை நோகடிக்கக்கூடாது என்று கேட்காமல் இருந்தார். ஒரே சுவருக்கு இரண்டு பக்கமும் இரண்டு பேர் விழித்துக் கிடந்திருக்கிறார்கள். இந்தத் தொழிலில் நாங்கள் பட்ட நட்டங்களில் எனக்கு இன்றும் மனது ஆறாதது இதுதான்.

அன்று அந்தப் பெண்கள்தான் விறகு அடுப்பைப் பற்றிப் பேச்சு எடுத்தார்கள். ஓகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 சதவீதம் கூடியிருந்தது. கவ்வாத்து மலையில் மிலாறு (வெட்டிப்போட்ட தேயிலைக் குச்சி) கிடக்கிறது, சவுக்குக் கிளை கிடக்கிறது, தேயிலை ஸ்டோரில் (தொழிற்சாலையில்) காலங்காலமாக விறகுச் சூட்டில்தானே தூள் காய்கிறது என்றார்கள். டவுனில் ஒட்டு வேலை செய்கிற ஒருவர் பழைய தகரப் பீப்பாயில் அடுப்பும் குழாயும் செய்து கொடுத்தார். புகை மரக்கறியில் படாமல் சூடு மட்டும் வருகிற மாதிரி அமைக்க மூன்று தடவை பிரித்துக் கட்டினோம்.

பெரிய கடைகளை விட்டோம். எல்ல என்கிற சுற்றுலா ஊர்ப் பக்கத்து விடுதிகள், பண்டாரவளை, பதுளை சில்லறைக் கடைகள், பழைய வாட்ஸ்அப் வாடிக்கையாளர்கள் என்று சிறிது சிறிதாகப் பிடித்தோம். காசு 14 நாளில் வர வேண்டும், வராவிட்டால் அடுத்த லோட் இல்லை. மாதம் 700 பாக்கெட்தான், ஆனால் 30 ஆள் காசு தருகிறார்கள், ஒரு ஆளின் ஃபோனுக்காக வீடு முழுக்கக் காத்திருப்பதில்லை. ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு கொப்பி நடுவில் திறந்து கிடக்கும், யாரும் பார்க்கலாம்.

நல்ல செய்திக்கும் ஒரு ஒழுங்கு வைத்தோம். வந்தால் கேக் வெட்டலாம், பதில் மட்டும் மூன்று நாள் கழித்து. 2023 கடைசியில் டொரோண்டோவில் கடை வைத்திருக்கும் ஒருவர் ஒரு தடவையில் 3,000 பாக்கெட் கேட்டார். அக்கா ஓரத்தில் 10 என்று எழுதினார், கொப்பியில் உள்ள ஒரே பத்து அது. மூன்றாம் நாள் அது 6 ஆக இறங்கியிருந்தது. அன்றைக்குத்தான் பதில் எழுதினார்: 300 பாக்கெட், பாதிக் காசு முன்பணம். அவர் ஒத்துக்கொண்டார். இப்போது வருடத்துக்கு மூன்று தடவை எடுக்கிறார். நிறுத்திய நால்வரில் மூவர் திரும்பி வந்துவிட்டார்கள். நான்காமவர் கொழும்புக்கு வேலைக்குப் போய்விட்டார். அவருக்கு 1,200 என்று வாக்குக் கொடுத்ததை அக்கா இன்னும் மறக்கவில்லை.

புயலுக்குப் பிறகு

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தது. பதுளை, நுவரெலியா, கண்டி மாவட்டங்களில் மலை மலையாகச் சரிந்து எத்தனையோ குடும்பங்கள் மண்ணோடு போயின. ரயில் பாதை பல இடங்களில் உடைந்தது. எங்கள் லயத்துக்கு மேலே வெடிப்பு விழுந்ததால் எல்லோரையும் பாடசாலைக்கு அனுப்பினார்கள். உலர்த்திக் கொட்டிலின் ஒரு பக்கச் சுவர் விழுந்தது. அக்கா முதல் நாளே, சிக்னல் கிடைத்த பத்து நிமிடத்தில், 30 கடைக்கும் ஒரே செய்தி அனுப்பினார்: நாங்கள் உயிரோடு இருக்கிறோம், சரக்கு எப்போது வரும் என்று தெரியாது, ஒவ்வொரு சனிக்கிழமையும் நிலைமையைச் சொல்வேன். எல்லாக் கடையும் பதில் போட்டது. இரண்டு கடைகள் கொடுக்க வேண்டிய காசை முன்கூட்டியே அனுப்பின.

ஆனாலும் அவர் அந்த நாட்களில் அழுதார். கொப்பி ஓரத்தில் ஒன்பது நாள் எதுவும் எழுதவில்லை. பத்தாம் நாள் ரோட்டின் ஒரு பக்கம் திறந்தது. கீழே தோட்டத்தில் வெளியே அனுப்ப வழியில்லாமல் கோவா அழுகத் தொடங்கியிருந்தது, முன்பு லீக்ஸ் கொண்டுவந்த அதே கமக்காரர் ஃபோன் எடுத்தார். அப்பாவும் மூன்று பெண்களும் நனைந்த மிலாறைப் பிள்ளைக் காம்பரா (பிள்ளை பார்க்கும் இடம்) விறாந்தையில் அடுக்கிக் காயவைத்தார்கள். மூன்றாம் நாள் அடுப்பு பற்றியது, புகை கொஞ்சம் கூடத்தான்.

அன்று ராத்திரி கணக்கு எழுத நான் கொப்பியைத் திறந்தேன். ஓரத்தில் ஏற்கனவே ஒரு எண் இருந்தது. சம்பளச் சீட்டில் கையெழுத்துப் போட்டுப் பழகிய, பென்சிலை அழுத்திப் பிடிக்கிற அப்பாவின் எழுத்து. 6 என்று போட்டு, பக்கத்தில் 'கோவா 22 கிலோ காயுது' என்று எழுதியிருந்தார்.